மலை இறங்கும் மிஸ்டு கால்

என் வேலை என்னவென்று வடக்கனந்தலில் கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். பால் ஊற்ற வருகிறவர் என்னை செல்போன் ரிப்பேர்க்காரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்; அறுந்துபோன சார்ஜரைக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார். எதிர்வீட்டு அக்கா நான் மனை விற்கிறேன் என்றே முடிவு கட்டிவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மாடியில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, "இந்த ப்ராப்பர்ட்டி சரியில்ல, அந்த ப்ராப்பர்ட்டிய மாத்தி எழுதணும்" என்று நாள் முழுக்க ஒருத்தி போனில் கத்திக்கொண்டிருந்தால் வேறு என்ன நினைப்பாள்? "நைனார்பாளையம் பக்கம் எதனா சல்லிசா வந்தா என்கிட்ட சொல்லும்மா" என்று ஒரு நாள் ரகசியமாகக் கேட்டும் விட்டாள்.

மாமியாருக்கு மட்டும் ஒருமுறை பொறுமையாக விளக்கினேன். "அத்தே, செல்போன், டிவி, வண்டி எல்லாத்துக்குள்ளயும் சிப்புன்னு ஒண்ணு இருக்கு. அத ஒருத்தரு டிசைன் பண்ணுவாரு. அது ஃபேக்டரிக்குப் போறதுக்கு முன்னாடி அதுல இன்னா தப்பு இருக்குன்னு நான் கண்டுபுடிக்கணும்."

அத்தை களைவெட்டுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். "அடுத்தவங்க செஞ்சதுல குத்தம் கண்டுபுடிக்கிறதுக்கா சம்பளம் தராங்க?" என்றார்.

"ஆமாங்கத்தே."

"உனக்குத்தான் அது சும்மாவே வருமே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், வாய் அதற்கும் முன்னால் இருக்கும். குழம்பில் உப்பு கம்மி என்றால் சோற்றைப் பிசைவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுவேன். இப்படிப்பட்டவளுக்கு இப்படி ஒரு வேலை அமைந்ததைப் பாக்கியம் என்றுதான் சொல்ல வேண்டும்.

வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பின்னால் நடந்தது புரியும். சிப்புக்குள் ஒரு துடிப்பு நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு க்ளாக் என்று பெயர். ஒவ்வொரு துடிப்பிலும் எதாவது ஒன்று நடக்கும். இது நடந்த பிறகு அது, அதற்கு அடுத்த துடிப்பில் இன்னொன்று என்று நிகழ்ச்சிகளை வரிசையாக எழுதி வைத்தால் அது சீக்வென்ஸ். 'இந்த வரிசை நடந்துவிட்டால், இத்தனை துடிப்புக்குள் அந்த வரிசையும் நடந்தே ஆக வேண்டும்' என்று அதை வைத்து ஒரு விதி கட்டினால் அது ப்ராப்பர்ட்டி. அந்த விதியைக் காவலுக்கு நிறுத்தினால் அசர்ஷன். டிசைனைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும்போது விதியை யாராவது மீறினால் சிவப்பு விழும், மீறவில்லை என்றால் பச்சை. என் பிழைப்பு மொத்தமும் இந்த இரண்டு நிறத்துக்குள் அடங்கிவிடும்.

இதைப் பெரிய வித்தை என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டிலேயே ஒரு ப்ராப்பர்ட்டி ஓடிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் வெள்ளிமலையில் பள்ளிக்கூட வாத்தியார். தினமும் காலையில் பைக்கில் மலை ஏறி, சாயந்திரம் இறங்குவார். மேலே வெள்ளிமலையில் போனுக்கு சிக்னல் இருக்கும், கீழே அணைக்கட்டுப் பக்கம் வந்தாலும் இருக்கும். நடுவில் மலைப்பாதையில் அது இஷ்டப்பட்டால் வரும், இல்லையென்றால் வராது. அதனால் அவர் வேலையில் சேர்ந்த புதிதிலேயே அத்தை ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். மேலே கிளம்பும்போது ஒரு ரிங் கொடுத்து வெட்டிவிட வேண்டும். அடிவாரத்துக்கு வந்ததும் இன்னொரு ரிங். முதல் ரிங் வந்து ஒரு மணி நேரத்துக்குள் இரண்டாவது வரவில்லை என்றால், பக்கத்து வீட்டு ஜீப்காரரிடம் சொல்லி மேலே ஆளை அனுப்ப வேண்டும். இப்போது எவ்வளவு நேரம் பேசினாலும் தனியாகக் காசு கிடையாது. ஆனாலும் எங்கள் வீட்டில் அந்த மிஸ்டு கால் போகவில்லை. போனை எடுத்துப் பேசிவிட்டால்தான், ஏதோ விபரீதம் என்று அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்.

நான் கல்யாணமாகி வந்ததும் இந்த ஏற்பாட்டைக் கேட்டுவிட்டு, "அத்தே, இது அசல் ப்ராப்பர்ட்டி" என்று சொன்னேன். மொத ரிங் ஒரு சீக்வென்ஸ், ரெண்டாவது ரிங் ஒரு சீக்வென்ஸ், நடுவில் ஒரு மணி நேரக் கெடு. அத்தை, "இன்னாமோ சொல்ற" என்று சிரித்தார்.

வந்ததும் என்றேனே தவிர, வந்து நிலைக்க நாள் ஆனது. கல்யாணமான புதிதில் நான் பெங்களூரில் லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தேன், அவர் இங்கே இருந்தார். சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்புகிற பஸ்ஸில்தான் குடும்பம் நடத்தினோம். கிடைக்கிற ஒரு நாளில் களைப்பும் தீர வேண்டும், துணியும் துவைக்க வேண்டும், சண்டையும் போட வேண்டும், சமாதானமும் ஆக வேண்டும். எங்கே நேரம்? பாதிச் சண்டையை சேலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து போனில் முடித்திருக்கிறேன். அதன் பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனியில் ஒத்துக்கொண்டார்கள். மாடியில் ஒரு அறை, ஒரு மேசை, ஒரு இன்டர்நெட் லைன். ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் கல்வராயன் மலை. எனக்கு வேறு என்ன வேண்டும்?

அப்படி இருக்கும்போதுதான் அந்த மெயில் வந்தது. எல்லாரும் பெங்களூர் ஆபீசுக்குத் திரும்பி வர வேண்டும். விதிவிலக்கு வேண்டுமென்றால் டீமின் தலைவர், அதாவது லீட், மேலிடத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். எங்கள் லீட் அதிகம் சிரிக்காத மனிதர். ஆனால் மனதில் பட்டதை மறைக்க மாட்டார். "உன் பிளாக்கின் ரிவ்யூ வரட்டும். அதை நீ சுத்தமாக முடித்துவிட்டால், உன்னை அங்கேயே விடச் சொல்லி நான் கேட்பேன். முடிக்கவில்லை என்றால் எந்த முகத்தோடு கேட்பது?" என்றார். நியாயம்தான்.

என் பிளாக்குக்கு, அதாவது சிப்பில் நான் சோதிக்கிற பகுதிக்கு, ஆர்பிட்டர் என்று பெயர். சிப்புக்குள் மெமரிக்குப் போக வழி ஒன்றுதான். போக வேண்டும் என்று கேட்கிறவர்கள் பல பேர். யாரை முதலில் விடுவது என்று முடிவு செய்வது ஆர்பிட்டர் வேலை. அதில் முக்கியமான விதி ஒன்று உண்டு. யார் கேட்டாலும் குறிப்பிட்ட துடிப்புகளுக்குள் அவருக்கு வழி கொடுத்தாக வேண்டும். கேட்டவரை மறந்துவிடக் கூடாது. அந்த ஒரு விதியைச் சுற்றித்தான் நான் எழுதிய அசர்ஷன் எல்லாம் நின்றன.

ரிவ்யூவுக்கு முந்தைய நாள் மத்தியானம் கடைசியாக ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் பச்சை. மேலிருந்து கீழே வரை ஒரு பொட்டு சிவப்பு இல்லை. எனக்குத் தலை கால் புரியவில்லை. லீடுக்கும் டிசைன் எழுதியவருக்கும் 'எல்லாம் பச்சை' என்று மெசேஜ் போட்டுவிட்டு, கீழே போய் அடுப்பைப் பற்ற வைத்து கேசரி கிளற ஆரம்பித்தேன். அத்தை எட்டிப் பார்த்து, "இன்னா விசேஷம்? குளிக்காம இருக்கியா?" என்று கண்ணைச் சுருக்கிக் கேட்டார். நாள் தள்ளிப்போய்விட்டதா என்று கேட்பதற்கு அவர் கண்டுபிடித்த சுற்றுவழி அது. "அது இல்லிங்கத்தே. நான் பெங்களூரு போவ வேணாம் போல." அத்தை முந்திரிப் பருப்பு டப்பாவை எடுத்து முழுசாகக் கவிழ்த்தார்.

சாயந்திரமாகிவிட்டது. ஸ்கூல் பஸ் வந்து தெருப் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போனது. வெயில் தாழ்ந்தது. அத்தை வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"இன்னும் வரக் காணோமே."

"மொத ரிங்கே வரலிங்கத்தே. இன்னும் கெளம்பல. எதனா கூட்டம் கீட்டம் இருக்கும்."

"போன் போட்டுப் பாரேன்."

போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் சொன்னாள். மலையில் அது வழக்கம்தான். நான் கேசரியில் நெய் விடுவதில் மும்முரமாக இருந்தேன். முதல் ரிங் வந்திருந்தால்தானே இரண்டாவதைத் தேட வேண்டும்? வராத ரிங்குக்கு எதற்கு ஜீப்பைக் கிளப்புவது? விளக்கு வைத்த பிறகும் அப்படியே பேசிக்கொண்டிருந்தேன். என் சந்தோஷம் அன்றைக்கு என் கண்ணை அப்படிக் கட்டியிருந்தது.

நன்றாக இருட்டிய பிறகு வாசலில் ஜீப் வந்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் ஜீப்தான். பின்னால் பலாப்பழ மூட்டைகள், மூட்டைகளுக்கு நடுவில் எங்கள் பைக் படுத்திருந்தது, அதன் பக்கத்தில் என் வீட்டுக்காரர் சட்டையெல்லாம் கிரீஸ், மடியில் ஒரு பலாப்பழம், முகம் நிறையச் சிரிப்பு. அத்தை சாமி படம் இருந்த பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் உள்ளங்காலிலிருந்து கோபம் ஏறியது.

நடந்தது இதுதான். அவர் வகுப்புப் பிள்ளைகள் கடலைப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பாடத்தில் கடல் வந்திருக்கிறது. இவர் தன் போனில் கடல் வீடியோவாகப் போட்டுக் காட்டியிருக்கிறார். அலை வந்து காலில் மோதுகிறதைப் பார்த்துப் பிள்ளைகள், "இன்னொரு தடவ சார், இன்னொரு தடவ" என்றிருக்கிறார்கள். சாருக்கு மறுக்க வாய் வருமா? போன் செத்துப் போய்விட்டது. கிளம்பும்போது ரிங் கொடுக்க வழியில்லை. சரி, கீழே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பியவருக்குப் பாதி மலையில் செயின் அறுந்துவிட்டது. ரோட்டோரம் சாமை போட்டிருந்த ஒரு குடும்பம் இவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, வேகவைத்த மரவள்ளிக் கிழங்கும் கஞ்சியும் கொடுத்து, பேசுவதற்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் பலாப்பழமும் கொடுத்து, ஜீப் வரும்வரை விடவில்லை. நான் வீட்டில் அவருக்காகக் கேசரி கிளறிக்கொண்டிருந்தபோது இவர் அங்கே விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் கரண்டியும் கையுமாக அவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். "போன் எதுக்குங்க வெச்சிக்கினு இருக்கீங்க? கடல் காட்டவா? இங்க ரெண்டு பேரு உசுரக் கையில புடிச்சிக்கினு உக்காந்திருக்கோம். அங்க இன்னான்னா கெழங்கு துன்னுக்கினு இருந்தேன்னு சிரிச்சிக்கினே சொல்றீங்க. ஒரு ரூலுன்னு வெச்சா அத மதிக்கத் தேவல?"

உசிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அத்தை மட்டும்தான். ஆனால் சண்டையில் அதெல்லாம் பார்க்க முடியுமா?

அவர் பலாப்பழத்தைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "இரு மேடம். ரூலு இன்னா? மொத ரிங் குடுத்தா ஒரு மணி நேரத்துல ரெண்டாவது ரிங் குடுக்கணும். அவ்ளோதான? நான் மொத ரிங்கே குடுக்கலியே. அப்புறம் எந்த ரூல நான் மீறுனேன்? உன் கம்ப்யூட்டருகிட்ட கேட்டுப் பாரு. நான் பாஸுன்னு சொல்லும்."

ஜீப்காரர் சிரித்தார். அத்தைகூடச் சிரித்தார். கம்ப்யூட்டர் பாஸ் என்றுதான் சொல்லும். சத்தியமாகச் சொல்லும். முதல் வரிசையே நடக்கவில்லை என்றால் விதி தொடங்குவதே இல்லை, தொடங்காத விதியை யாரும் மீற முடியாது, மீறாததெல்லாம் பச்சை. இதைக் கல்லூரியில் படித்திருக்கிறேன், புதிதாக வந்தவர்களுக்குப் பாடமாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு மத்தியானம் மட்டும் அது என் நினைவில் இல்லை.

கரண்டியோடு மாடிப்படி ஏறினேன். பின்னால் அத்தை, "கோச்சிக்கினு போறா பாரு, போய் சமாதானம் பண்ணு" என்பது காதில் விழுந்தது.

லேப்டாப்பைத் திறந்து அந்த ரிப்போர்ட்டை மறுபடி எடுத்தேன். ஒவ்வொரு அசர்ஷனுக்கும் பக்கத்தில் பச்சை. அதற்கும் பக்கத்தில், விதி உண்மையிலேயே எத்தனை முறை தொடங்கியது என்று ஒரு எண் இருக்கும். பச்சையைப் பார்த்த பிறகு அந்த எண்ணைப் பார்க்க யாருக்குத் தோன்றும்? என் முக்கியமான விதிக்கு நேராக அந்த எண் பூஜ்யம். அத்தனை நேரம் ஓடிய ஓட்டத்தில் என் காவலாளி ஒரு தடவைகூடக் கண்ணைத் திறக்கவில்லை. தூங்குகிறவனைப் பார்த்துத்தான் நான் கேசரி கிளறியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஒரு தட்டில் கேசரியோடு தலையை நீட்டினார். "கோவமா?"

"பேசாதீங்க. நீங்க பாஸும் இல்ல, ஃபெயிலும் இல்ல. நீங்க ஆரம்பிக்கவே இல்ல."

"அதுசரி" என்று என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. கண்டுபிடித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 'கேட்பது' என்பதற்கு நான் எழுதியிருந்த சீக்வென்ஸில், கேட்கிற சிக்னல் அடுத்தடுத்து இரண்டு துடிப்புக்கு உயர்ந்தே இருக்க வேண்டும் என்று வைத்திருந்தேன். போன வேலையில் அப்படித்தான் இருந்தது. அங்கே வழி கிடைக்கும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இந்த டிசைனில் ஒரே ஒரு துடிப்பு மட்டும் கேட்டுவிட்டு இறக்கிவிடுகிறார்கள். அதாவது மிஸ்டு கால். ஒரு ரிங், உடனே கட். தினமும் சாயந்திரம் அந்த ஒற்றை ரிங்குக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள், சிப்புக்குள் மட்டும் போன் விடாமல் அடித்தால்தான் ஆள் கூப்பிடுவதாக அர்த்தம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

சீக்வென்ஸை மாற்றினேன். சிக்னல் உயர்ந்த அந்த ஒரு துடிப்பே போதும் என்று எழுதினேன். கூடவே, 'இந்த வரிசை ஒரு முறையாவது நடந்ததா?' என்று தனியாகக் கேட்கிற ஒரு வரியையும் சேர்த்தேன். அதற்கு கவர் என்று பெயர். விதியைக் காக்காது, நடந்ததா இல்லையா என்று மட்டும் சொல்லும். மறுபடி ஓட விட்டேன். கீழே அத்தை பலாப்பழத்தை வெட்டும் வாசனை மாடி வரை வந்தது. என் வீட்டுக்காரர் போய் எடுத்து வர, அவர் ஒரு சுளை, நான் ஒரு சுளை என்று தின்றுகொண்டே திரையைப் பார்த்தோம்.

நடந்தது என்று கவர் சொன்னது. அடுத்த நிமிஷம் சிவப்பு விழுந்தது.

நான் போட்ட சத்தத்தில் அத்தை மேலே ஓடி வந்துவிட்டார். "இன்னாம்மா ஆச்சு? எதனா பூச்சி கீச்சி கடிச்சிடுச்சா?"

"ஃபெயில் ஆயிடுச்சு அத்தே" என்று அவரைக் கட்டிக்கொண்டேன்.

அத்தை என் தோளுக்கு மேல் மகனைப் பார்த்தார். "ஃபெயிலானதுக்கா இந்தக் குதி குதிக்கிறா?"

குதிக்காமல் என்ன செய்வது? உள்ளே நிஜமாகவே ஒரு தப்பு இருந்தது. இரண்டு பேர் ஒரே துடிப்பில் கேட்டால் ஒருவருக்கு வழி கிடைத்தது, இன்னொருவர் கேட்டதை ஆர்பிட்டர் மறந்தே போனது. பதில் வரவில்லையே என்று அவர் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டுச் சமாளித்துக்கொண்டதால் மற்ற சோதனைகள் எதிலும் வெளியே தெரியவில்லை. சுத்தமான, அழகான, அசல் தப்பு. என் வேலையில் இதைவிடச் சந்தோஷம் கிடையாது. புரியாதவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது.

என் வீட்டுக்காரர்தான் மெதுவாகக் கேட்டார். "அப்ப நாளைக்கு ரிவ்யூவு?"

குதி அப்படியே நின்றது. எல்லாம் பச்சை என்று மத்தியானம் மெசேஜ் போட்டிருக்கிறேன். நாளைக்குக் காலையில் போய், அது பச்சை இல்லை, நான் எழுதியதே சரியில்லை, டிசைனிலும் தப்பு இருக்கிறது, சிப் ஃபேக்டரிக்குப் போகிற நாளைத் தள்ளிப் போடுங்கள் என்றால் அது சுத்தமாக முடித்ததா? எந்த முகத்தோடு கேட்பது என்றாரே லீட். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. நான் இங்கேயே இருப்பேன். சிப் ஃபேக்டரிக்குப் போய்விடும்; போனால் திரும்பாது. திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மறுபடியும் ஹாஸ்டல், மறுபடியும் சனிக்கிழமை பஸ்.

"யோசிக்காத" என்றார் அவர். "நீ சொல்லாம இருக்க மாட்ட. உன் வாயி அப்படி. உப்பு கம்மின்னா அடுத்தவங்க வூட்லயே சொல்றவ நீ."

"போவணும்னு ஆயிட்டா?"

"ஆனா பாத்துக்கலாம். பஸ்ஸு ஓடிக்கினுதான இருக்குது" என்றார். சொல்லும்போது அவரும் என்னைப் பார்க்கவில்லை, மலைப் பக்கம் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிசைன் எழுதியவருக்கு அப்போதே போன் போட்டேன். அவர் கோயம்புத்தூர்க்காரர், மரியாதை மாறாமல் சண்டை போடக்கூடியவர். "ஏனுங்க, எல்லாம் பச்சைன்னு மத்தியானந்தானுங்க சொன்னீங்க?" என்றார்.

"அது வெத்துப் பச்சைங்க. இப்பதான் நெசமா ஓடுச்சு, சிவப்பு வந்திருக்கு."

"உங்க அசர்ஷன்லதானுங்க எதாச்சும் இருக்கும். என்ற டிசைன் அப்படிப் போகாதுங்க."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் ஏறியது. பேசினால் வம்பு என்று எந்தத் துடிப்பில் யார் கேட்டார், யார் மறக்கப்பட்டார் என்று படத்தை எடுத்து அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். அவர் அதைத் திறந்து பார்த்தார். பிறகு, "அட, ஆமாங்க" என்றார். "ஒரே நேரத்துல வந்தா ஒருத்தர் கேட்டத ஞாபகம் வெச்சுக்க நான் எடமே வெக்கலீங்க. சிப்பு வந்ததுக்கு அப்புறம் தெரிஞ்சிருந்தா என்ற கதை கந்தலுங்க." கடைசியில் அவர் நன்றி சொல்ல, நான் பரவாயில்லை என்று சொல்ல, இருவரும் ஏதோ கல்யாண வீட்டில் விடைபெறுகிறவர்கள் மாதிரி வெகுநேரம் வணக்கம் சொல்லிக்கொண்டோம்.

காலையில் ரிவ்யூ. டீம் மொத்தமும் வீடியோவில் உட்கார்ந்திருந்தது. நான் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். லீட் கேட்டுவிட்டு, "நேற்று பச்சை என்றாய், இன்று சிவப்பு என்கிறாய். நான் எதை நம்புவது?" என்றார். வேறு விதமாக விளக்க எனக்கு வரவில்லை. மலை, மிஸ்டு கால், கடல் வீடியோ, அறுந்த செயின், கேசரி எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். முதல் ரிங்கே வராததால் நான் நிம்மதியாக இருந்தேன், அந்த நிம்மதிதான் நேற்றைய பச்சை என்று முடித்தேன். யாரோ மைக்கை அணைக்க மறந்து சிரித்துவிட்டார்கள். லீட் சிரிக்கவில்லை. "உன் மற்ற விதிகள்?" என்று மட்டும் கேட்டார். அதிகாலையிலேயே எழுந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன் என்றேன். இன்னும் சில தூங்கிக்கொண்டிருந்ததையும், எழுப்பிவிட்டதையும் சொன்னேன்.

லீட் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "உங்களுடையது எத்தனை நிஜமாகவே தொடங்கியது? யாராவது பார்த்தீர்களா?" ஒவ்வொருவர் கேமராவாக அணைந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டேன். "உன் விஷயத்தை மத்தியானம் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு லீடும் போய்விட்டார்.

மத்தியானம் வரைக்கும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அத்தை களைவெட்டுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துகொண்டு, கேட்டால் இடுப்பு வலி என்றார். போன் வந்தபோது எனக்கு முன்னால் அவர்தான் படியேறினார்.

ஃபேக்டரிக்கு அனுப்புகிற நாள் தள்ளிப் போகிறது என்றார் லீட். டீமில் எல்லாருடைய அசர்ஷனையும் நான்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றார். "அப்போ பெங்களூருக்கு எப்போ வரணும்?" என்று கேட்டேன்.

"எதற்கு? ரிப்போர்ட் உனக்கு அங்கே தெரியாதா?" என்றார். "நேற்றே எழுதிக் கேட்க இருந்தேன். இன்றைக்கு எழுதினேன். காரணம் நன்றாகக் கிடைத்துவிட்டதால் சட்டென்று ஒத்துக்கொண்டார்கள். அங்கேயே இரு." வைக்கப் போனவர், "உன் கணவரை போனுக்கு சார்ஜ் போடச் சொல்" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

அத்தை என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு இடுப்பு வலியை மறந்து கீழே இறங்கினார். எதிர்வீட்டு அக்காவிடம், "எம் மருமவ எங்கியும் போவல" என்று வாசலில் நின்று சொல்வது கேட்டது. நான் என் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். வகுப்பு நேரத்தில் போனை எடுக்க மாட்டார். எடுத்தாலும் இதைப் போனில் சொல்ல எனக்கு மனமில்லை.

காலையில் கிளம்பும்போதே வீட்டு விதியைத் திருத்தியிருந்தோம். கிளம்புகிறாரோ இல்லையோ, பள்ளிக்கூட மணி அடித்ததும் ஒரு ரிங் வந்தாக வேண்டும்; வராவிட்டால் அப்போதே ஜீப். மணி அடிக்கிற நேரத்துக்கு ரிங் வந்தது. கொஞ்ச நேரத்தில் கிளம்புகிற ரிங்கும் வந்தது. பக்கத்து வீட்டு ஜீப் மலைக்குப் போவதற்காக வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு அதில் ஏறி அணைக்கட்டைத் தாண்டி அடிவாரத்தில் இறங்கிக்கொண்டேன்.

அவர் வழக்கமாக நிறுத்தி ரிங் கொடுக்கிற புளியமரம் எனக்குத் தெரியும். மரத்துக்குப் பின்னால் நின்றேன். புதுச் செயின் போட்ட பைக் சத்தம் வளைவில் கேட்டது. வந்தார், நிறுத்தினார், ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்தார், போனை எடுத்தார். என் கையில் போன் அடித்தது. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

முதலில் பயந்துவிட்டார். "அம்மாக்கு எதனா?" என்றார்.

இல்லையென்று தலையாட்டினேன். ஊருக்கெல்லாம் வாய் பேசுகிறவளுக்கு அந்த நேரம் பார்த்து வாய் அடைத்துக்கொண்டது.

"எப்பப் போவணுமாம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"போவ வேணாமாங்க. இங்கியே இருக்கச் சொல்லிட்டாரு."

அவர் முகத்தைச் சட்டைக் கையில் துடைத்தார், தூசி என்று சொல்லிக்கொண்டார். பிறகு ஹெல்மெட்டை என்னிடம் நீட்டி, "ஏறு, வூட்டுக்குப் போலாம்" என்றார். நான் பின்னால் ஏறி உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். ரிங்கை வெட்ட அவர் மறந்திருந்தார். என் கையில் போன் இன்னும் அடித்துக்கொண்டே இருந்தது.